எட்டு ஆறான சாயங்காலம்

…இல்லை, அவள் வரவில்லை, அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது, இருபத்தாறு வருஷமாக ரிஜிஸ்டர் ஆபீஸில் பத்திரங்களுக்கு நகல் எழுதுகிறவன் நான், அசலில் ஒரு புள்ளி குறைந்திருந்தால் நகலிலும் அந்தப் புள்ளியைக் குறைத்தே எழுதி, அசலுக்குச் சரியான நகல் என்று கீழே ஒப்பமிட்டுக் கொடுக்கிற கை இது, அசல் கிழிந்துபோன இடத்தில் ‘இங்கே கிழிந்துள்ளது’ என்று எழுதுவேனே தவிர என் சொந்தச் சரக்கை ஓர் எழுத்துக்கூட வைத்து ஒட்டமாட்டேன், அப்படிப்பட்ட ஞானதாஸுக்கு ஞாபகத்தைப் பற்றி மெழுகுத்திரி விற்கிற வேளாங்கண்ணி பாடம் எடுப்பதா, கோயில் வாசலில் இருபது வருஷம் உட்கார்ந்தால் உட்கார்ந்த கல் வழவழப்பாகும், புத்தியுமா… இருந்தாலும் காதில் புகுந்த எறும்பு மாதிரி அது குடைந்துகொண்டேதான் இருக்கிறது. பூசைக்கு முதல் மணி அடிக்கும்போது நான் பாட்டுக்கு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன், “இன்னைக்கு தெரசம்மா கலியாணத்துக்கு மூணாவது ஓலைங்களா சாமி” என்றாள், ஆமாம் என்றேன், “உங்க பேரோட படிச்சிருக்க வேண்டிய ஓலை” என்றாள், அது பத்து வருஷத்துப் பழங்கதை, இப்போது எதற்கு என்றேன், “அதுக்கில்லீங்க, அந்தம்மா அன்னைக்கு அத்தன தூரத்துல இருந்து வந்து, உங்க முதுகுக்குப் பொறத்தால நின்னு, நீங்க பேசுனதக் கேட்டுட்டு, ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் மனசுல நிக்குது” என்றாள். என்றைக்கு? “ராசா பட்டத்த உட்டுட்டுப் போயிட்டாருன்னு பேப்பரப் படிச்சுக் காட்டுனீங்களே, அன்னைக்குத்தானுங்க.” இரண்டாவது மணி அடித்துவிட்டது, அவளிடம் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே வந்துவிட்டேன், கேட்டிருக்க வேண்டும், வேண்டாம், மெழுகுத்திரிக்காரியிடம் என்ன விசாரணை.

வந்தாளாம், நின்றாளாம்… சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார், இன்று கானாவூர்க் கலியாணம், தண்ணீரை ரசமாக்கிய புதுமை, மதுவிலக்கு அமலில் இருக்கிற சேலம் ஜில்லாவில் இந்தச் சுவிசேஷத்தை வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்வதென்றால் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும், அது நீங்கள் நினைக்கிற சரக்கு அல்ல, உடம்புக்குக் குளிர்ச்சியான ஒரு பழரசம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது, ஆண்கள் பக்கத்தில் நாலைந்து பேர் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். பிரசங்கம் முடிந்ததும் ஓலை. ஓலையை முதலில் வாசித்தால், யாருக்கு யார் என்று தெரிந்துகொண்டு பாதிப் பேர் வெளியே போய்ச் சுருட்டுப் பற்றவைத்துவிடுகிறார்கள் என்று அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறார். ஓலை என்று பேர்தானே ஒழியக் காகிதம்தான், கலியாணம் பேசி முடித்தவர்கள் ஜோடியாக வந்து பெயர் கொடுத்தால் மூன்று ஞாயிறு அடுத்தடுத்துக் கோயிலில் வாசிப்பார்கள், இவர்களுக்குள் கலியாணம் கூடாதபடி ஏதாவது விக்கினம் இருப்பதாக அறிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும், மூன்றாம் ஓலையோடு எல்லார் வாயும் அடைபட்டுவிடும், புதன்கிழமை தாலி. இன்றைய மூன்றாம் ஓலையில் பெண் தெரசம்மாள், வயது முப்பத்தொன்பது, தர்ம ஆஸ்பத்திரி மிட்வைஃப், மாப்பிள்ளை சூசைமாணிக்கம், வயது ஐம்பத்திரண்டு, நாலு வருஷத்துக்கு முன்னால் மனைவியை அடக்கம் செய்தவர், பந்தல் காண்டிராக்டர். முதல் ஓலையையும் இரண்டாம் ஓலையையும் இதே தூணோரம் உட்கார்ந்துதான் கேட்டேன், நிம்மதியாகவே கேட்டேன், ஏனென்றால் வராதவள் அவள், காத்திருந்தவன் நான், வழக்கு நேராக இருந்தது, தீர்ப்பும் என் பக்கமே இருந்தது… அதோ பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசை, வெள்ளைச் சேலை, முக்காடு, நிமிர்ந்த முதுகு, நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டி அழவைத்தவளின் முதுகு, பிரசங்கத்துக்குச் சிரிக்கவும் இல்லை, தூங்கவும் இல்லை.

அந்த நாளைப் பற்றி ஊரில் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கிறது, அதுதான் வேடிக்கை. லண்டனில் எட்டாவது எட்வர்டு ராஜா, தான் கட்டிக்கொள்ள நினைத்த பெண்ணை மந்திரிகள் ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்காக, உலகத்தில் கால்வாசியை ஆண்ட சிங்காதனத்தை விட்டு இறங்கிப் போனார், அதற்கு அஸ்தம்பட்டியில் கண்ணாடி உடைந்தது. எங்கள் தெரு பென்ஷன் தாசில்தார் அன்று முகம் மழித்துக்கொண்டிருந்தாராம், முதல் வருஷம் சொன்னபோது கண்ணாடி கை நழுவியது, மூன்றாம் வருஷம் சொன்னபோது கண்ணாடியில் தானாகக் கீறல் விட்டது, ஆறாம் வருஷம் ராஜா அங்கே கையெழுத்துப் போட்ட அதே நிமிஷத்தில் இங்கே கண்ணாடி இரண்டாகப் பிளந்துவிட்டது, லண்டனில் மணி வேறு, சேலத்தில் மணி வேறு ஆயிற்றே ஐயா என்றேன், “அது கண்ணாடிக்குத் தெரியுமா ஓய்” என்றார். கோயில் உபதேசியாருக்கு மூன்று நாள் முன்னதாகவே திருமணிமுத்தாற்றில் ஒரு கிரீடம் மிதந்து போவதாகக் கனவு வந்துவிட்டது, அந்தக் கனவு வெளியே வருவதற்கு மட்டும் பேப்பர் வரவேண்டியிருந்தது. இவர்களெல்லாம் பொய்யர்கள் என்று நான் சொல்லமாட்டேன், உலகத்தில் பெரிதாக ஒன்று நடக்கும்போது தாங்கள் சவரம் செய்துகொண்டிருந்தோம் என்பதைத் தாங்கிக்கொள்ள முடியாத மனுஷர்கள், அவ்வளவுதான், ராஜாவின் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள், நான் அந்த முக்காலியை இழுத்துவிடுகிறவன், அதனால்தான் கலியாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் ஞானதாஸ் எங்கே, ஞானதாஸ் வரவில்லையா என்று என்னைத் தேடுகிறார்கள்.

சூசைமாணிக்கத்தின் கதை இவர்கள் எல்லாருடையதையும்விடப் பெரிய கதை, ஆளுயரம். அடுத்த மே மாதம் நடக்கவிருந்த முடிசூட்டுக்கு வளைவு கட்டித்தரச் சொல்லி யாரோ பெரிய மனிதர் வாய் வார்த்தையாகச் சொன்னதை நம்பி, டிசம்பரிலேயே தகரத்தில் எழுத்து வெட்டி வைத்துவிட்ட முன்யோசனைக்காரர் அவர், ‘எட்டாவது’ என்பதற்கு ஓர் எட்டு, ஆறடிக்கு ஒரு விரற்கடை குறையாத எட்டு. ராஜா போனார், தம்பி வந்தார், ஆறாவது ஜார்ஜ், நம்மவர் எட்டைத் தரையில் போட்டு மேல் வளையத்தில் வலது பக்கம் ஒரு முழம் தகரத்தைக் கத்தரித்தார், எட்டு ஆறாகிவிட்டது. “ஒரு மொழம் தகரத்துல ஒரு ராசாவ மாத்துனவன் நானு” என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், முடிசூட்டுக்குக் கிடைத்த பித்தளை மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டு சொன்னார், இப்போது அதே இடத்தில் கதர் வந்துவிட்டது, சுயராஜ்யம் வருகிறதென்று ராட்டை ஒன்றை அளவெடுத்து வைத்திருப்பதாகக் கேள்வி. கோயிலுக்கு ஒரு மணிக்கயிறு வாங்கிக் கொடுத்தார், மணியைவிட அந்தக் கயிறு அதிகம் சத்தம் போட்டது, மனைவியின் கல்லறையில் அவள் பெயரைவிடக் கல் உபயம் சூசைமாணிக்கம் என்பது பெரிய எழுத்தில் இருக்கிறது, செய்ததைச் சொல்லாமல் விட்டால் தலை வெடித்துவிடும் என்கிற ஜாதி… அவரைத்தான் தெரசம்மாள் கட்டிக்கொள்ளப் போகிறாள், எனக்கு அதில் வருத்தம் என்று எவனாவது நினைத்தால் அவன் என்னை அறியாதவன், எனக்கு அதில் ஆச்சரியம், அது வேறு.

என் நகல் இது, எத்தனையோ தடவை எழுதிப் பார்த்த நகல், எழுத்துப் பிசகாது. அம்மா படுக்கையில் கிடந்த மூன்று மாதமும் தினம் ஊசி போட வந்தவள் தெரசம்மாள், ஊசிப் பெட்டியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டு அது ஆறுகிறவரை அடுப்படி நிலையில் சாய்ந்து நிற்பாள், அந்த நேரத்துக்குள் நான் தாசில்தாரைப் போல நடந்து காட்டுவேன், உபதேசியாரைப் போல இருமிக் காட்டுவேன், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், அம்மாவே ஒருநாள், “அவன் வாயைக் கட்டிப்போட ஒரு ஆள் வேணும், நீ இருந்துக்கோ சாமி” என்றாள், அம்மா போய் ஆறு மாதம் கழித்து நான் கேட்டேன், நாற்பது வயதில், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன். அவள் மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, “வெள்ளிக்கெழம நாலு மணிக்குக் கோயிலுக்கு வாரேனுங்க, பேர் குடுத்துரலாம், பிரசவம் ஒண்ணும் வராம இருந்தா” என்றாள். நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு மூன்றரைக்கே வந்து வாசலில் நின்றேன், டிசம்பர் பதினொன்று, மப்பும் மந்தாரமுமான சாயங்காலம், நாலு மணிக்கே விளக்கேற்றலாம் போல ஊர் இருண்டு கிடந்தது, உள்ளே பிரெஞ்சுக்காரச் சாமியார் எங்களுக்காக ரிஜிஸ்டரை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார், நாலு அடித்தது, அவளைக் காணோம், ஸ்டேஷனிலிருந்து மாதையனின் ஜட்கா வந்தது, மதராஸ் பேப்பர்க் கட்டு அதில்தான் வரும், ஒன்றை உருவிப் பிரித்தேன்…

பிரித்தேன், முதல் வரியைப் பார்த்ததும் சத்தம் போட்டுப் படித்துவிட்டேன், இங்கிலீஷில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, எங்கிருந்துதான் வந்தார்களோ, முப்பது நாற்பது பேர், “ஏனுங்க சாமி, ராசா ஊட்ட உட்டே போயிட்டாருங்களா” என்றான் மாதையன், போய்விட்டார், “பொம்பளைக்கோசரமுங்களா”, ஆமாம், “அந்தம்மாளுக்கு முன்னாடியே ரெண்டு புருசன்னு போட்டிருக்குதுங்களா பேப்பர்ல”, அதுவும் போட்டிருக்கிறது, “அப்ப இவரு மூணாவதுங்களா, ராசாவுக்கே வரிசையில நிக்க வேண்டியதா போச்சுங்களே” என்றான், ஒரே சிரிப்பு, சத்தம் கேட்டுச் சாமியாரே மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார், விஷயத்தைக் கேட்டுவிட்டு, “இவர் தாமே போகிறார், நல்ல பிள்ளை, எங்கள் தேசத்தில் நாங்கள் அனுப்பி வைத்தோம்” என்று தம் தமிழில் சொல்லி, கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டிவிட்டு உள்ளே போனார். அப்போதுதான் சூசைமாணிக்கத்தின் மாட்டுவண்டி வந்து நின்றது, தகரம் ஏற்றின வண்டி, எட்டு அதில் மல்லாக்கப் படுத்திருந்தது, மனுஷன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, “ஞானதாஸு, தமாசு கெடக்கட்டும், நெசமாலுமே போயிட்டாரா” என்றார், கையெழுத்தே போட்டாயிற்று என்றேன், “அப்ப என்ற எட்டு என்னாவறது” என்றார், லோகமே ஆடிப்போன செய்திக்கு அந்த மனுஷன் கேட்ட ஒரே கேள்வி அது, அதைச் சொல்லி நான் எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்… பிறகு அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு அஸ்தம்பட்டிப் பக்கம் போனார், திருப்பத்தில் தகரம் வெயிலில் வெள்ளையாகப் பளிச்சிட்டது, கூட்டம் கலைந்தது, நான் ஆறு மணி ஜெபமணி அடிக்கிறவரை நின்றேன், அவள் வரவில்லை, சாமியார் ரிஜிஸ்டரை மூடிவிட்டு, “நாளைக்கு வா” என்றார், நான் நாளைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வாசலில், “தோத்திரமுங்க” என்றாள், தோத்திரம் என்றேன், அவ்வளவுதான், பத்து வருஷமாக எங்களுக்குள் அந்த ஒரு வார்த்தைதான், வராதவளிடம் ஏன் வரவில்லை என்று கேட்கிற பழக்கம் எனக்கில்லை, தப்பித்தேன் என்று ஆபீஸில் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள், முடிந்தது, நகல் சரி, கீழே என் ஒப்பம்.

சைக்கிள் பேச்சு? அது மறுநாள், ஆபீஸில், சனிக்கிழமை, ஹெட் கிளார்க்கின் மேஜையில் கையூன்றிக்கொண்டு சொன்னது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. ராஜாவாம் ராஜா, ஒரு பொம்பளைக்குச் சிங்காதனத்தைக் கொடுத்தானாம், நம்மிடம் இருப்பது ஒரு சைக்கிள், அதைக் கேட்டு எவளாவது வந்தால் அவளை விட்டுவிட்டுச் சைக்கிளை வைத்துக்கொள்வேன், அதுவாவது மிதித்த பக்கம் போகும்… நல்ல பேச்சு, அந்த வருஷம் முழுக்க டவுனில் ஓடியது, ஆத்தூர்ப் பக்கம் ஒரு கலியாணத்தில் அதை யாரோ ஒருவன் எனக்கே திருப்பிச் சொன்னான். ஆனால் வேளாங்கண்ணி காலையில் என்ன சொன்னாள், நீங்க பேசுனதக் கேட்டுட்டு என்றாள், படிச்சதக் கேட்டுட்டு என்று சொல்லவில்லை. நான் என்ன பேசினேன், படித்தேன், மாதையனுக்குப் பதில் சொன்னேன், அதைக் கேட்டு ஒரு பெண் ஏன் போக வேண்டும்… கிழடு தட்டிப்போன ஞாபகம் அவளுக்கு, விடு. எனக்கு முன்னால் காலைப் பின்னுக்கு மடித்து உட்கார்ந்திருக்கிற ஆளின் உள்ளங்காலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது, மெழுகு, மாதா சுரூபத்துக்கு முன்னால் உருகி வழிந்ததை மிதித்திருக்கிறான், காய்ந்து காசு மாதிரி வட்டமாக… மெழுகு. அன்று ராத்திரி செருப்பிலிருந்து கத்தியால் மெழுகைச் சுரண்டினேன். ஆமாம், விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் காய் நறுக்குகிற கத்தி, இடது செருப்பு, அடி முழுக்க அப்பியிருந்தது, பீடத்துக்குக் கிட்டே போகாதவன் செருப்பில் இவ்வளவு மெழுகு எங்கிருந்து என்றுகூட அப்போது நினைத்தேன், நினைத்துவிட்டுச் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

கோயிலுக்குள் செருப்புப் போடுகிறவன் எவன், அப்படியானால் வெளியே, வாசலில், தெருவில் மெழுகு… குதிரை. மாதையனின் குதிரை மிரண்டது, பின்னுக்கு நகர்ந்து வேளாங்கண்ணியின் பெட்டியை மிதித்தது, திரியெல்லாம் நொறுங்கித் தரையில் வெள்ளைவெள்ளையாக, “அய்யோ சாமி என்ற திரி” என்று அவள் கத்தினாள், நான் அதன்மேல் நின்றுகொண்டுதான் இருந்தேன், குதிரை எதற்கு மிரண்டது, சிரிப்புக்கு, நாற்பது பேர் ஒரே மூச்சில் சிரித்த சிரிப்புக்கு, எதற்குச் சிரித்தார்கள், மூணாவதுங்களா என்று மாதையன் கேட்டதற்கா, இல்லை, அப்போது மாதையன் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், அது நகர்ந்திருக்க முடியாது, எட்டு என்னாவறது என்று சூசைமாணிக்கம் கேட்டதற்கா, அதற்கும் இல்லை, அது தானாக வந்த கேள்வி, அதற்கு நான் ஒரு பதில் சொல்லியிருப்பேன், எனக்கு முன்னால் ஒருவன் அப்படி ஒரு கேள்வியைப் போட, நாற்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் பதில் சொல்லாமல் விட்டேன் என்றால் அது நான் இல்லை. எட்டைப் பற்றிக் கவலைப்படுகிறீரே ஓய், ராஜாவாம் ராஜா… சைக்கிள் அங்கேதான் வந்தது. என் கையே காட்டுகிறது, நான் சைக்கிளைத் தட்டிக் காட்டினேன், கோயில் சுவரில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளின் சீட்டைத் தட்டிக் காட்டினேன், ஆபீஸில் ஹெட் கிளார்க்கின் மேஜைக்குப் பக்கத்தில் சைக்கிள் ஏது தட்டுவதற்கு. மறுநாள் சொன்னது இரண்டாம் தடவை. முதல் தடவை இங்கே, இந்த வாசலில், பெயர் கொடுக்க வந்த இடத்தில், எவளாவது வந்தால் என்று… கொண்டப்பநாயக்கன்பட்டியில் அன்று ஒரு பிரசவம் இருந்ததென்று பிற்பாடு யாரோ சொன்னார்கள், அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை, சாக்கு என்று தள்ளினேன், அங்கிருந்து ஒரு மணி நேரம் நடந்து, கையில் மருந்துப் பையும், ஆஸ்பத்திரி வெள்ளைச் சேலையும், மேலெல்லாம் லைசால் கழுவுமருந்து வாடையுமாக வந்து நின்றவளுக்கு என் முதுகு தெரிந்திருக்கும், முதுகுக்கு அந்தப் பக்கம் நாற்பது பல் வரிசை தெரிந்திருக்கும், அடுப்படி நிலையில் சாய்ந்து அவள் சிரித்தது அதே வாய்க்குத்தான், ஆனால் அன்று சிரிப்புக்கு ஆள் தாசில்தார் இல்லை, உபதேசியார் இல்லை.

பிரசங்கம் முடிந்துவிட்டது, சாமியார் காகிதத்தைப் பிரிக்கிறார். எழுந்து நிற்கலாம், ஒரு விக்கினம் இருக்கிறது சாமி என்று சொல்லலாம், நான் இதுவரை வாய் திறந்து கூட்டம் திரும்பாமல் இருந்ததில்லை, இந்தப் பெண் எனக்கு வாக்குக் கொடுத்தவள், கொடுத்த வாக்கு நிற்கிறது, அவள் வந்தாள், நான்தான் பார்க்கவில்லை… சாட்சி யார் என்பார், வாசலில் மெழுகுத்திரி விற்கிற வேளாங்கண்ணி என்பேன், அவளைக் கூப்பிடுவார்கள், அவள் வந்து நான் பேசினதை ஒரு வரி விடாமல் பீடத்துக்கு முன்னால் சொல்லுவாள், சைக்கிள் உட்பட, சிரிப்பார்கள், மறுபடியும் நல்ல சிரிப்பாகத்தான் இருக்கும், புதன்கிழமைத் தாலிக்கு அதனால் ஒரு விக்கினமும் வராது. ரத்த உறவு விக்கினம், முந்திய தாலி விக்கினம், ஞானஸ்நானம் இல்லாமை விக்கினம், வாய்த்துடுக்கை எந்த வேதசாஸ்திரத்திலும் விக்கினமாகச் சேர்க்கவில்லை, சேர்த்திருந்தால் எனக்கு எப்போதோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். “…மேற்படி சூசைமாணிக்கம் என்பவருக்கும், மேற்படி தெரசம்மாள் என்பவளுக்கும், இது மூன்றாம் ஓலை. இவர்களுக்குள் யாதொரு விக்கினம் உண்டென்று அறிந்தவர்கள்…” ஒரு குழந்தை அழுகிறது, யாரோ அதைத் தோளில் போட்டுத் தட்டுகிறார்கள், சூசைமாணிக்கம் தொண்டையைச் செருமுகிறார், தம் பெயர் வாசிக்கப்படும்போதுகூட ஒரு செருமல் உபயம், அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறாள், காகிதம் மடிந்துவிட்டது.

எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், விசுவாசப் பிரமாணம், நானும் நிற்கிறேன். அவள் எதில் போனாள் என்று வேளாங்கண்ணியைக் கேட்டிருக்க வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி, மாதையனின் ஜட்கா அங்கேயே நின்றது, குதிரையைத் தடவிக் கொடுத்துக்கொண்டு ஆறு மணிவரை எனக்குப் பக்கத்தில்தான் நின்றான், கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து நடந்து வந்தவள் மறுபடியும் நடந்திருக்கலாம், நடந்து போனால் நான் பார்த்திருப்பேன், சாலை நேரான சாலை, அன்று சாலையில் போனது ஒரே ஒரு வண்டிதான், சிரிக்காமல் கிளம்பிப் போன ஒரே ஒரு ஆளின் வண்டி, அஸ்தம்பட்டிப் பக்கம், அவள் ஜாகையும் அஸ்தம்பட்டிதான்… அப்படி ஏற்றிக்கொண்டு போயிருந்தால் சொல்லியிருப்பார், மணிக்கயிற்றைச் சொன்னவர், கல்லறைக் கல்லைச் சொன்னவர், ஒரு முழம் தகரத்தைப் பத்து வருஷம் சொன்னவர் இதைச் சொல்லாமலா இருப்பார், மனுஷன் வாயில் நிற்காதே… அந்தத் திருப்பத்தில் வண்டி திரும்பினதும், பின்பக்கம் எட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று பளிச்சிட்டதும் இப்போதும் தெரிகிறது, தகரம் வெயிலில் மின்னியது என்றுதான் இத்தனை நாளும் சொல்லி வந்திருக்கிறேன், மப்பும் மந்தாரமுமான சாயங்காலம் என்று கதையை ஆரம்பிக்கிறவனும் நான்தான், அன்று வெயில் எங்கே அடித்தது.